கனடாவின் கேள்விக்குப் பாறசாலையில் விடை தேடுவோர்

களியக்காவிளையைக் கடந்து பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என நீளும் சாலையின் இருபுறத்து ஊர்களிலும் வீடு கட்டப் புறப்படும் குடும்பம் முன்பெல்லாம் மூன்று பொருள்களுக்கிடையேதான் தடுமாறியது: வெட்டுக்கல், செங்கல், சிமெண்ட் பிளாக். இப்போது நான்காவதாக ஒன்று அந்த வரிசையில் வந்து நிற்கிறது. வளைகுடாவிலிருந்தோ கனடாவிலிருந்தோ பேசும் உறவினர் அதைப் பரிந்துரைக்கிறார். காணொளிகள் அதை எதிர்காலத்தின் வீடு என்கின்றன. கட்டடவியல் படித்த மருமகன் அதன் எண்களை எடுத்து வைக்கிறார். வெப்பக்காப்புக் கான்கிரீட் சுவர் என்பது அதன் பெயர். வாழ்நாள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் ஒன்றாக்கி ஒருமுறை மட்டுமே வீடு கட்டக்கூடிய குடும்பத்தின் முன் வைக்கப்படும் இந்தப் பரிந்துரை, அறிவியலின் ஆடை அணிந்த ஒரு பிழை. பிழை சுவரில் இல்லை. அந்தச் சுவர் எந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்தது என்பதைக் கேட்காமல் விடையை மட்டும் இறக்குமதி செய்வதில் இருக்கிறது.

சுவரின் அமைப்பு எளியது. ஊர் வழக்கில் தெர்மாகோல் எனப்படும் பாலிஸ்டைரீன் நுரைப்பலகைகள் இரண்டை இடைவெளி விட்டு நிறுத்தி, கம்பி கட்டி, நடுவில் கான்கிரீட் ஊற்றுவார்கள். கான்கிரீட் இறுகிய பின்னும் அச்சு கழற்றப்படுவதில்லை. சுவரோடு சுவராக நின்று இருபுறமும் வெப்பத்தைத் தடுக்கும். இன்றைய வடிவத்தில் இதற்கு 1960களில் காப்புரிமை கோரியவர் வெர்னர் கிரெகோரி என்னும் கனடா நாட்டுக் கட்டுமான ஒப்பந்தக்காரர். ஆண்டின் பாதி பனியில் உறையும் நாட்டில், வீட்டுக்குள் எரித்து உண்டாக்கிய வெம்மை வெளியே கசியாமல் காப்பதற்கு எழுந்த தொழில்நுட்பம் அது. அந்தக் கேள்விக்கு அது சிறந்த விடை. அதில் ஐயமில்லை.

ஆனால் எந்த வெப்பக்காப்பின் பயனும் உள்ளுக்கும் புறத்துக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. வின்னிபெக் நகரில் சனவரி இரவு மைனஸ் 20 பாகையை ஒட்டி இறங்கும்; வீட்டுக்குள் 20 பாகை வேண்டும்; வேறுபாடு 40. துபாயில் ஆகஸ்டுப் பகல் 41 பாகையைத் தொடும், உள்ளே குளிரூட்டி 24இல் நிற்கும், வேறுபாடு 17. வளைகுடாவில் கட்டட வெப்பக்காப்பைச் சட்டமே வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியிலோ, ஆண்டின் வெக்கை மிகுந்த மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் பகல் உச்சம் சராசரியாக 33 பாகை அளவே. இரவு 24, 25க்குக் கீழே இறங்குவது அரிது. மின்விசிறி மட்டும் சுழலும் வீட்டுக்குள் 30 பாகை எனக் கொண்டால் வேறுபாடு வெறும் 3.

மருமகன் எடுத்து வைக்கும் எண்ணைக் கொண்டே இதைக் கணக்கிடலாம். இருபுறமும் பூசிய 230 மில்லிமீட்டர் செங்கற்சுவர், ஒரு பாகை வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2 வாட் வெப்பத்தைக் கடத்தும். இருபுறமும் 60 மில்லிமீட்டர் நுரையும் நடுவில் 150 மில்லிமீட்டர் கான்கிரீட்டும் கொண்ட சுவர் கடத்துவது கால் வாட்டை ஒட்டியதே. எட்டு மடங்கு மேம்பாடு என்று விளம்பரம் சொல்வது உண்மை. எதன் எட்டு மடங்கு என்பதுதான் சொல்லப்படுவதில்லை. நிழலில் நிற்கும் 10 சதுர மீட்டர் சுவர், 3 பாகை வேறுபாடு: செங்கல் வழியாக 60 வாட் உள்ளே வரும், புதிய சுவர் வழியாக 8 வாட்டுக்கும் குறைவு. மிச்சம் சுமார் 50 வாட். சும்மா அமர்ந்திருக்கும் மனிதர் ஒருவரின் உடல் வெளிவிடும் வெப்பம் ஏறத்தாழ 100 வாட். ஆக, வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்து அமர்ந்த மாத்திரத்தில், அந்தச் சுவர் தடுத்ததைப் போல இரு மடங்கு வெப்பம் அறைக்குள் சேர்ந்துவிடுகிறது. அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி ஆகியவற்றின் கணக்கு தனி.

இரவில் நிலைமை தலைகீழாகிறது. பகலெல்லாம் சமைத்தும் புழங்கியும் சேர்ந்த வெப்பம் வெளியேற வேண்டிய நேரம் அது. சாதாரணச் சுவர் தன் வழியாகவும் கொஞ்சத்தை வெளியே விடும். நுரை போர்த்திய சுவர் விடாது. தடுப்பதில் அது உள், வெளி என்று பார்ப்பதில்லை. கான்கிரீட்டின் கனம் வெப்பத்தை உறிஞ்சி அறையைக் குளிர்விக்கும் என்ற வாதமும் இங்கே நிற்காது. அந்தக் கனத்துக்கும் அறைக்கும் நடுவே நுரைப்பலகை நிற்கிறது. அறையிலுள்ளவர்க்கு அந்தக் கான்கிரீட் இருந்தும் இல்லாததே.

அப்படியானால் எல்லையோர வீடுகளில் மக்கள் படும் புழுக்கம் எங்கிருந்து வருகிறது? தலைக்கு மேலிருந்து. இந்த ஊர்கள் நிலநடுக்கோட்டிலிருந்து எட்டரைப் பாகைக்குள் இருப்பவை. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்டு இறுதியை ஒட்டியும் நண்பகற் சூரியன் உச்சந்தலைக்கு நேராக நிற்கும். வடக்கு, தெற்குச் சுவர்களுக்கு உச்சி வெயில் ஏறக்குறைய இல்லை. கிழக்கும் மேற்கும் சில மணி நேரம் வாங்குகின்றன. நாள் முழுதும் வாங்குவது மொட்டை மாடி. வெறும் 100 மில்லிமீட்டர் வார்ப்பின் மேற்பரப்பு கோடைப் பகலில் 60 பாகையை எட்டும். அந்நேரம் சதுர மீட்டருக்கு 100 வாட் அளவில் வெப்பம் கீழ்நோக்கி வரும். நிழற்சுவர் வழியாக வருவது 6 வாட். ஆறு வாட் வரும் வாயிலைப் பூட்டுவதற்குப் பல இலட்சம் செலவிட்டு, நூறு வாட் வரும் வாயிலைத் திறந்து வைத்திருப்பதை எந்தப் பொறியியல் என்பது?

ஊர் மக்கள் இதை ஏட்டில் படிக்காமலே கண்டுகொண்டார்கள். கேரளம் முழுவதும், எல்லைக்கு இந்தப் பக்கத்திலும், வார்ப்பு வீட்டின் மாடிக்கு மேல் டிரஸ் அடித்து ஷீட்டோ ஓடோ வேயும் வழக்கம் பரவியிருப்பது தற்செயல் இல்லை. ஒழுகலைத் தடுக்கவும் துணி உலர்த்தவும் என்று தொடங்கிய அந்த இரண்டாம் கூரை, வெயிலுக்கும் வார்ப்புக்கும் நடுவே காற்றோடும் நிழலை உண்டாக்கியது. கட்டடக்கலை இதழ்கள் அதை அழகைக் கெடுக்கும் தகரம் என்று முகம் சுளிக்கலாம். வெப்பவியல் அதன் பக்கம் நிற்கிறது.

நாட்டின் சட்டநெறியும் அதே பக்கம்தான். ஆற்றல் திறன் பணியகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட, குடியிருப்புகளுக்கான ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ இரு செய்திகளைத் தெளிவாகச் சொல்கிறது. முதலாவது, கூரையின் வெப்பக்கடத்தல் எந்தத் தட்பவெப்ப மண்டலத்திலும் 1.2 வாட்டைத் தாண்டக் கூடாது. வெறும் வார்ப்போ அதைப்போல் மூன்று மடங்கு கடத்துவது. இரண்டாவது, திறக்கக்கூடிய சன்னல், கதவுகளின் பரப்பு, தரைப்பரப்பில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது. குளிர் மண்டலத்துக்கு 8.33 விழுக்காடு; வறண்ட வெப்ப மண்டலத்துக்கு 10; வெப்பமும் ஈரமும் மிகுந்த மண்டலத்துக்கு 16.66. அதாவது தரையில் ஆறில் ஒரு பங்கு. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் இந்தக் கடைசி மண்டலத்தைச் சேர்ந்தவை. இங்கே வீடு மூச்சுவிட வேண்டும் என்பதே அந்த எண்ணின் பொருள். இந்த நெறி 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்கே உரியது. பன்னிரண்டு சென்டுக்குள் வீடு கட்டுபவரை அது தொடுவதே இல்லை. அதனால்தான் அவருக்கு வழிகாட்டும் இடம் காலியாகக் கிடக்கிறது. அந்தக் காலியிடத்தில் காணொளி வந்து அமர்ந்துகொள்கிறது.

வெப்பக்காப்புச் சுவரின் பயன் முழுமையாகக் கிடைக்க வேண்டுமானால் சன்னல்களைச் சாத்த வேண்டும். சன்னலைச் சாத்தினால் இந்த ஈரக்காற்றில் குளிரூட்டி வேண்டும். ஆகவே அந்தச் சுவரைத் தேர்ந்தெடுப்பவர் உண்மையில் தேர்ந்தெடுப்பது ஒரு சுவரை மட்டும் இல்லை. பூட்டிய வீட்டுக்குள் மின்சாரத்தின் தயவில் வாழும் ஒரு வாழ்முறையை. அந்த வாழ்முறையை விரும்பி ஏற்பவர் ஏற்கட்டும். ‘மின்கட்டணம் குறையும்’ என்னும் வாக்குறுதியின் பின்னால் அதை ஒளித்து விற்பதுதான் நேர்மையற்றது. இன்று மின்விசிறிக்கு மட்டும் கட்டணம் செலுத்தும் குடும்பத்துக்கு எந்தச் சுவராலும் கட்டணம் குறையப்போவதில்லை. 2024 மே மாதத் தொடக்கத்தில் கேரளத்தின் மின் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. தனக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கும் மாநிலம் அது.

மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பதையும் இந்த மண் கண்டிருக்கிறது. 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தையும் திருவனந்தபுரம் கடற்கரையையும் தாக்கியது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, குமரியின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. புயலையும் தாங்கும் சுவர் என்பது இந்தத் தொழில்நுட்பத்தின் மற்றொரு விளம்பரம். ஒக்கியில் உயிரிழந்தோரில் மிகப் பெரும்பாலோர் கடலுக்குச் சென்ற மீனவர்கள். கரையில் வாழை, ரப்பர்த் தோட்டங்களும் மரங்களும் விழுந்தன. சுவரின் வலிமைக் குறைவு அன்றைய துயரத்தின் மையமாக இல்லை. ஆனால் காற்று புகாத வீடுகள் அன்று நிறைய இருந்திருந்தால், மின்சாரமற்ற அந்த நாள்களில் அவை எப்படி இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஈரமும் உயிரினங்களும் வேறொரு கணக்கு வைத்திருக்கின்றன. இடவப்பாதியும் துலாவர்ஷமும் இருமுறை நனைக்கும் மண்ணில் கரையான் ஓயாத வேலைக்காரன். கரையான் நுரையைத் தின்பதில்லை; ஆனால் அதற்குள் வழி குடைந்து, யார் கண்ணிலும் படாமல் நிலையிலும் கட்டையிலும் ஏறிவிடும். கரையான் மிகுந்த அமெரிக்கத் தென்பகுதிகளில் மண்ணுக்குக் கீழே நுரைப்பலகை பதிப்பதைக் கட்டட விதிகளே கட்டுப்படுத்துகின்றன. உட்புற நுரையைத் தீயிலிருந்து காக்க ஜிப்சம் பலகை போன்ற ஒன்றால் மூட வேண்டும் என்பதும் அங்குள்ள விதி. ஏனெனில் பாலிஸ்டைரீன் எரிந்தால் எழும் புகை கொடியது. அந்த ஜிப்சம் பலகையோ மழைக்காலக் கசிவில் ஊறிப் பூஞ்சை பிடிப்பது. இவையெல்லாம் தீர்க்க முடியாத சிக்கல்கள் அல்ல. ஆனால் ஒவ்வொரு தீர்வுக்கும் தேர்ந்த கை வேண்டும். எல்லையின் இருபுறமும் வேலை செய்யும் கொத்தனாருக்கு வெட்டுக்கல்லும் செங்கல்லும் கைவந்தவை. இந்தச் சுவரில் கான்கிரீட் அழுத்தத்தில் அச்சு பிதுங்கினாலோ நடுவே பொள்ளல் விழுந்தாலோ வெளியிலிருந்து பார்த்து அறியக்கூட வழியில்லை.

மேலும், இந்த ஊர்களில் வீடு ஒரே நாளில் முடிந்துவிடும் பொருளன்று. மகளுக்குத் திருமணமானால் ஓர் அறை, மகன் திரும்பி வந்தால் ஒரு மாடி, முதியவர்க்குக் கீழே ஒரு குளியலறை என்று அது வளர்ந்துகொண்டே இருக்கும். செங்கற்சுவரில் ஒரு வாசல் திறக்க ஒரு கொத்தனாரும் ஒரு கையாளும் போதும். கம்பி பாவிய கான்கிரீட் சுவரில் அதே வாசலுக்கு அறுக்கும் இயந்திரம் வேண்டும். ஒரே மாதிரியான வீடுகளை ஆயிரக்கணக்கில் எழுப்பும்போது கழற்றாத அச்சுக்குப் பொருள் உண்டு. 2021இல் தொடங்கிய லைட் ஹவுஸ் திட்டத்தில் லக்னோவின் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு அதன் உறவுமுறையான பி.வி.சி. அச்சு முறை தேர்ந்தெடுக்கப்பட்டது அதனால்தான். பத்து சென்ட் நிலத்தில் ஒரு குடும்பம் கட்டும் ஒரு வீட்டுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

கல்லின் கணக்கும் உண்டு. சுமார் 1,500 சதுர அடி ஒற்றைத்தள வீட்டின் வெளிச்சுவர்களைச் சன்னல், கதவு நீக்கி 125 சதுர மீட்டர் எனக் கொண்டால், 150 மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறத்தாழ 19 கன மீட்டர் கான்கிரீட் ஆகும். அதற்கு 120 மூட்டையளவு சிமெண்டும் 35 டன் அளவில் சல்லியும் மணலும் வேண்டும். செங்கல்லும் சூளையில் வெந்தே வருகிறது என்பது சரியான மறுப்பு. எந்தச் சுவரும் பாவமற்றதன்று. ஆயினும் ஒற்றைத்தள வீட்டின் பாரத்தைத் தாங்க வெட்டுக்கல்லே போதுமான இடத்தில் இவ்வளவு கான்கிரீட் எதற்கு? குமரி மாவட்டத்து மலைகள் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் லாரியேறி எல்லை கடப்பதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் குரல் எழும்புகிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோட்டையும் நெய்யாற்றின்கரையையும் இரு மாநிலங்களாகப் பிரித்த கோடு மொழியையும் ஆட்சியையும் பிரித்தது. மழையையும் மலையையும் பிரிக்கவில்லை. பாறசாலையில் எழும் சுவர் விளவங்கோட்டுப் பாறையை உண்ணக்கூடும். மலை குறைந்தால் நீரும் வெக்கையும் இருபுறத்துக்கும் பொது.

இவ்வளவும் சொன்னவுடன் மறுமுகாமிலிருந்து ஒரு கைதட்டல் கேட்கும்: பழைய ஓட்டு வீட்டுக்கே திரும்புங்கள் என்போர். அவர்களுக்கும் இங்கே இடமில்லை. பத்மநாபபுரம் அரண்மனையின் மரச்சட்டச் சன்னல்களையும் தாழ்ந்திறங்கும் ஓட்டுக் கூரையையும் காட்டி மரபின் ஞானம் என்று உருகுபவர்கள், அந்த ஞானம் யாருக்குக் கூரையாக இருந்தது என்பதைச் சொல்வதில்லை. 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் நாடார் போன்ற சாதியினர் மாடி வைத்து வீடு கட்ட உரிமை மறுக்கப்பட்டிருந்ததை மிஷனரிப் பதிவுகள் கூறுகின்றன. அவர்களின் பெயரர்களுக்கு வார்ப்பு வீடு வெறும் கட்டடமன்று, நிமிர்வின் அடையாளம். ஆண்டுதோறும் ஓடு மாற்றி, ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைத்து, கரையான் அரித்த கழுக்கோலைப் பார்த்துக் கவலைப்பட்ட பெண்களின் உழைப்பையும் அந்த ஏக்கம் கணக்கில் எடுப்பதில்லை. கான்கிரீட்டை விரும்புபவரை அறியாதவர் என்று ஏளனம் செய்யும் சூழலியலுக்கு இந்த ஊர்களில் காது கிடைக்காது, கிடைக்கவும் வேண்டியதில்லை.

இந்த இரு முகாம்களுக்கும் வெளியே ஒரு மரபு பக்கத்திலேயே இருக்கிறது. லாரி பேக்கர் 1970களில் திருவனந்தபுரம் உள்ளூரில் எழுப்பிய வளர்ச்சி ஆய்வு மையம் பாறசாலையிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தொலைவு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு அடுக்கும் எலிப்பொறிக் கட்டு அவர் பரப்பியது. செங்கல்லில் நாலில் ஒரு பங்கு மிச்சம். அந்த வெற்றிடத்துக் காற்றே ஒரு வெப்பக்காப்பு. துளையிட்ட செங்கற்சுவர் வெயிலைச் சிதைத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும். வார்ப்பில் கான்கிரீட் வேலை செய்யாத அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்துச் செலவையும் கனத்தையும் குறைக்கலாம். எல்லாம் உள்ளூர்க் கொத்தனார் கற்றுக்கொள்ளக் கூடியவை. ஐம்பது ஆண்டு மழையில் நனைந்து நிற்பவை. வெப்பக்காப்பு வேண்டும் என்பவருக்கு நெய்யாற்றின்கரைப் பக்கத்திலேயே விடை இருக்கையில், அது விற்பனைப் பொருளாக இல்லாததால் மட்டுமே கண்ணில் படாமல் போகிறது.

இதில் கல்விப்புலத்தின் பங்கு சிறிதன்று. பொறியியல் துறைகளில் எழுதப்படும் பல ஆய்வேடுகள் மென்பொருளில் ஒரு பெட்டியை வரைந்து, சன்னல்களைச் சாத்தி, உள்ளே 24 பாகையை நிலைநிறுத்தி, எந்தச் சுவர் குறைந்த மின்சாரத்தை உண்கிறது என்று கேட்கின்றன. விடை எப்போதும் தடித்த நுரையாகவே வரும். கேள்வியிலேயே குளிரூட்டி இருக்கும்போது விடையில் அது இல்லாமல் எப்படிப் போகும்? சன்னலைத் திறந்து, மின்விசிறியை ஓடவிட்டு, ஏப்ரல் இரவில் பாறசாலையில் ஒரு முதியவர் தூங்க முடிகிறதா என்று கேட்கும் ஆய்வு கடினமானது. ஈரப்பதத்தையும் காற்றோட்டத்தையும் மாதக்கணக்கில் வீட்டுக்கு வீடு அளக்க வேண்டும். எளிய எண் கிடைத்த இடத்தில் கடினமான கேள்வி கைவிடப்படுகிறது. அந்த எளிய எண்தான் பின்னர் விளம்பரத் தாளுக்குப் போய், அங்கிருந்து ஒரு குடும்பத்தின் கடன் பத்திரத்துக்கும் போகிறது.

எதிர்வாதங்களில் ஒன்று மட்டும் உண்மையான கனம் உடையது. வெப்பம் கூடி வருகிறது. ஈரம் மிகுந்த வெக்கையில் மின்விசிறி கைவிடும் இரவுகள் பெருகும். நோயாளிக்கும் குழந்தைக்கும் குளிரூட்டி ஆடம்பரமாக இருக்காது. இதை மறுப்பது இரக்கமின்மை. ஆனால் அதற்குத் தேவை நன்கு காக்கப்பட்ட ஒரே ஓர் அறை. வீடு முழுவதையும் நுரையால் போர்த்துவதை அது கோரவில்லை. நாள் முழுதும் எல்லா அறைகளையும் குளிரூட்டப் போகிறவர், நெடுஞ்சாலை இரைச்சலை அடைக்க வேண்டியவர், செலவைப் பொருட்படுத்தாதவர் ஆகியோர் வெப்பக்காப்புக் கான்கிரீட்டைத் தேர்வதில் தவறில்லை. அவர்களும் முதலில் கூரையைக் காத்த பின்னரே சுவருக்கு வர வேண்டும்.

மற்றவர்க்கு வரிசை இதுதான். முதற்பணம் கூரைக்கு: வெள்ளைப் பூச்சோ, காற்றோடும் இரண்டாம் கூரையோ. அடுத்தது நிழலுக்கு: நீண்ட இறவாரம், சன்னல் தோறும் மறைப்பு, மேற்குச் சுவருக்கு ஒரு திண்ணையோ மரமோ. மூன்றாவது எதிரெதிர்ச் சன்னல்களுக்கு. நான்காவது, தேவைப்பட்டால், முதியவர் உறங்கும் ஓர் அறையை மட்டும் காப்பதற்கு. இவை நான்கும் முடிந்த பின்னும் கையில் பணம் மிஞ்சினால் அப்போது சுவரைப் பற்றிப் பேசலாம். பெரும்பாலான வீடுகளில் அந்தப் பேச்சுக்குத் தேவையே எழாது. மிஞ்சிய பணம் கடனைச் சீக்கிரம் அடைக்கப் போய்ச் சேரும்.